மூக்காயியின் கொச்சிக்காய்ச் சுவர்

தொண்ணூற்றெட்டு வைகாசி மழையில் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் பின்னால் இருந்த மண்மேடு சரிந்து, மூக்காயி வீட்டுச் சமையலறைச் சுவரை இடித்துத் தள்ளிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தது. அடுப்பு இருந்த இடத்தில் முழங்கால் அளவு செம்மண். ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூக்காயியும் அவள் புருஷன் நாகலிங்கமும் அந்த நேரம் மலையில் வேலையில் இருந்தார்கள். தோட்ட வேலைக்கு இப்படியும் ஒரு நன்மை உண்டு.

மூக்காயி ஆபீசுக்குப் போய்ச் சுவர் கேட்டாள். மண் சரிந்தது மழையின் வேலை, தோட்டம் அதற்குப் பொறுப்பில்லை என்று பதில் வந்தது. மழையின் ஆபீஸ் எங்கே இருக்கிறது என்று அவர்கள் சொல்லவில்லை.

அவளுக்குச் சுவர் அவசரமாக வேண்டியிருந்தது. யட்டியாந்தோட்டைப் பக்கம் கட்டிக்கொடுத்த மகள் தர்மிளா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வர வேண்டும். செய்தியைக் கேள்விப்பட்ட சம்பந்தியம்மா, சுவர் இல்லாத வீட்டுக்கு மருமகளை அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அந்த அம்மாவின் வாய் எனக்குப் பிடிக்காது. ஆனால் அந்தப் பேச்சில் தப்புக் கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை.

நாகலிங்கம் பழைய உரப்பைகளைச் சேர்த்தார். உள்ளே வந்த மண்ணையே பைகளில் அடைத்து, உடைந்த இடத்தில் அடுக்கிவிடலாம் என்பது அவர் திட்டம். மூக்காயி குறுக்கே வராமல் இருந்திருந்தால் அது இரண்டு நாள் வேலை.

“இவ்வளவு மண்ண சும்மாவாங்க கட்டி வைக்கிறது? பையில கொச்சிக்கா நடுவோம். சுவருக்கு சுவருமாச்சு, கறிக்கு காயுமாச்சு.”

முதலில் நட்ட மிளகாய்க் கன்றுகள் ஒரே வாரத்தில் செத்தன. சரிந்து வந்தது வெறும் களி. ஈரத்தில் பிசின், வெயிலில் செங்கல். மூக்காயி விடுவாளா? ஆட்டுப்புழுக்கையைக் காயவைத்து இடித்தாள். நிழல் மரங்களுக்குக் கீழே மக்கிக் கிடந்த இலையை அள்ளி வந்தாள். ஓடை மணலை அலசி எடுத்தாள். மண் ஒரு பங்கு, மற்றதெல்லாம் சேர்ந்து இரண்டு பங்கு. கலந்ததில் ஒரு பிடி அள்ளி, இறுக்கிப் பிடித்துக் கையை விரிப்பாள். உருண்டையாக நிற்க வேண்டும், விரல் பட்டதும் உதிர வேண்டும். அது உதிரும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

நாகலிங்கத்தின் முகத்தையும் பார்க்க வேண்டும்.

“வெரல் பட்டாலே ஒதுருது. இதுலயா சுவரு கட்டச் சொல்ற?”

“களிமண்ணுல வேரு மூச்சு விட முடியாதுங்க.”

“சுவரு எதுக்குடி மூச்சு விடணும்?”

இந்தச் சண்டையில் லயமே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. நான் மூக்காயி கட்சி. எனக்கு நாலு கன்று தருவதாகச் சொல்லியிருந்தாள். கடைசியில், கீழ் வரிசைகளுக்கு நாகலிங்கத்தின் களி, மேல் வரிசைக்கு மூக்காயியின் கலவை என்று ராசியானார்கள். மேல் வரிசை மளமளவென்று வளர்ந்து, பூத்து, காய்த்துத் தொங்கியது.

அந்தக் காய்ப்புதான் வினை. மலை வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை கந்தையா அந்த வழியாகப் போனவர் நின்றுவிட்டார்.

“என்ன மண்ணு போட்ட மூக்காயி?”

இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் அவள் காத்திருந்தாள். புழுக்கை, இலை, மணல் எல்லாம் ஒப்பித்துவிட்டு, “மண்ணு மட்டும் சரிஞ்சு வந்த நம்ம ஏழாம் நம்பர் மலை மண்ணுங்க ஐயா” என்றாள்.

அவள் பெருமையாகச் சொன்னது ஆபீசில் புகாராகப் போய் விழுந்தது. தேயிலை மலை மண் தோட்டத்துச் சொத்து, உடனே திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு. சரிந்தபோது அது மழையின் மண். அடுப்பை மூடிக் கிடந்தபோது யாருடைய மண்ணும் இல்லை. கொச்சிக்காய் காய்த்ததும் தோட்டத்து மண்!

மூக்காயி வாதாடவில்லை. “மகளுக்கு எட்டு மாசங்க ஐயா” என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலையில் கந்தையா இரண்டு ஆட்களோடு வந்தார். மேல் வரிசைப் பைகள் சுலபமாக இறங்கின. கீழே ஒரு களிப்பையை உருவியதும் பின்னால் ஊறிக் கிடந்த மேடு அசைந்தது. ஒரு கூடை சேறு வழிந்து கந்தையாவின் சப்பாத்தை மூடியது. கெட்ட மனுஷன் இல்லை அவர். பாய்ந்து போய், மிச்சப் பைகளுக்குத் தன் முதுகைக் கொடுத்துவிட்டார்.

“வைங்கடா! எடுத்தத திரும்ப வைங்கடா!”

ஆட்கள் பைகளைத் தேடி ஓடினார்கள். மூக்காயி கிட்டே போய் மரியாதையாகக் கேட்டாள்.

“ஐயா, இப்ப விழுந்தா அது மழையோட மண்ணுங்களா, தோட்டத்து மண்ணுங்களா?”

கந்தையாவின் மூச்செல்லாம் முதுகுக்குத் தேவைப்பட்டது.

மண்ணை ஏன் கொண்டு வரவில்லை என்று ஆபீசில் அவரைக் கேட்டிருப்பார்கள். என்ன சொன்னாரோ, பத்து நாளில் புது உத்தரவு வந்தது. தோட்டத்து மண் சமையலறைகளுக்குள் வெளியேறி வீணாவதைத் தடுக்க, அந்த இடத்தில் கல் சுவர் எழுப்பப்படும். அதாவது, மூக்காயியிடமிருந்து மண்ணைக் காப்பாற்றச் சுவர்! தெரணியகலையிலிருந்து மேசன் பாஸ் வந்து கட்டிப் பூசினார். வாசலுக்கு இடம் மாறியிருந்த பைகளில் ஒரு கை காய் பறித்து, “கொச்சி ஹொந்தய்” என்று சிங்களத்தில் காயை மெச்சி, மடியில் கட்டிக்கொண்டு போனார்.

தர்மிளாவைச் சம்பந்தியம்மாவே கூட்டிக்கொண்டு வந்தாள். நேரே சமையலறைக்குப் போய், சுவரை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் கொச்சிக்காய் பார்க்க வாசலுக்குப் போனாள். தர்மிளா பஸ்ஸில் வந்த களைப்போடு மெதுவாகக் கீழே உட்கார்ந்து, காலை நீட்டி, சுவரில் முதுகைச் சாய்த்தாள்.

மேடு சரிந்தபோதும் அழாத, ஆபீசிலும் அழாத மூக்காயி அதைப் பார்த்ததும் சுவரில் முகத்தை வைத்து ஓவென்று அழுதாள்.

“அங்கிட்டுப் போய் அழு” என்றார் நாகலிங்கம். “பூச்சு இன்னும் காயல.”

தர்மிளா பயந்து எழும்பப் பார்த்தாள்.

“ஒன்ன சொல்லலம்மா. நீ நல்லா சாஞ்சுக்க” என்றார்.