ஸ்பீக்கரில் போட்ட பேச்சு

குழாய்க்கடைக்காரருக்கு இரண்டு விதக் கோபம் உண்டு. வாடிக்கையாளர் எதிர்க்கடை விலையைச் சொல்லும்போது வருவது பொய்க்கோபம். தொழிலுக்கென்று துடைத்து வைத்திருப்பது. நிஜக்கோபம் அபூர்வம். கடைக் கம்ப்யூட்டரில் அவர் பாட்டுகளைச் சேர்த்து வைத்திருந்த புரோகிராம் ஒரு காலையில் யாரையும் கேட்காமல் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு வந்து நின்றபோது அது வந்தது.

அதுவரை அது வெறும் பட்டியல். வரிவரியாகப் பாட்டின் பெயர், பாடியவர், வருஷம். வாடிக்கையாளர் வாஷ்பேசினைச் சுண்டிப் பார்த்துக்கொண்டிருக்கையில், கண்ணை அவர்மேல் வைத்துக்கொண்டே கையால் மட்டும் பாட்டை மாற்றிவிடுவார். பேரம் சூடேறினால் மெல்லிய பாட்டு, ஆள் கிளம்பப் பார்த்தால் துள்ளல் பாட்டு. பாதி வியாபாரம் பாட்டால்தான் முடிகிறது என்று அவர் சொல்லிக்கொள்வார். காலியான பெயின்ட் டப்பாமேல் உட்கார்ந்து வேலைக்குக் கூப்பிட யாராவது வரக் காத்திருக்கும் பிளம்பர், மீதிப் பாதி பாட்டால்தான் கெடுகிறது என்பார்.

புதிய தோற்றத்தில் பட்டியலைக் காணோம். கட்டம் கட்டமாக ஆல்பங்களின் அட்டைப்படங்கள். படம் உள்ளவர்களுக்கு அது அழகுதான். இவருடைய பாட்டெல்லாம் கேசட்டிலிருந்தும், நண்பர்களிடமிருந்தும் ஏற்றியது. ஒன்றுக்கும் படம் கிடையாது. திரை முழுக்கச் சாம்பல் நிறக் கட்டங்கள், விடுமுறை நாளில் கடைத்தெருவுக்குள் நுழைந்த மாதிரி. எல்லா ஷட்டரும் இறங்கிக் கிடந்தன. எதைத் திறந்தால் எது இருக்கும் என்று தெரியவில்லை.

அந்தப் புரோகிராமைப் பயன்படுத்துகிறவர்கள் கருத்து எழுத ஒரு பக்கம் இருந்தது. அதில் 'கசியாத குழாய்' என்ற பெயரில் போய் உட்கார்ந்தார். "சரக்கையெல்லாம் மூட்டையில் கட்டி வைத்துவிட்டு, வந்தவனிடம் மோந்து பார்த்து எடுத்துக்கொள் என்கிறீர்கள்" என்று எழுதினார். மறுநாள் பார்த்தால் லைக் குவிந்திருந்தது. "குழாயண்ணே, பிச்சுட்டீங்க" என்று யாரோ எழுதியிருந்தார். பிறகு காலையில் கடை திறந்தால் முதலில் அந்தப் பக்கம், அப்புறம்தான் கல்லா. எதிரில் முகம் இல்லாமல் பேசுவது எவ்வளவு சுகம் என்று அந்த வயதில் கண்டுபிடித்தார்.

கடைத்தெருவில் ஒரு வரைமுறை உண்டு. சரக்கை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். துருப்பிடித்தது, ஓட்டை, இதை எடுத்துப்போனால் வீட்டில் சேர்க்கமாட்டார்கள், எல்லாம் சொல்லலாம். கடைக்காரரும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார். விற்கிறவனின் வீட்டாரை மட்டும் இழுக்கக்கூடாது. இழுத்தால் பேரம் அங்கேயே முறிந்தது. முப்பது வருஷத்தில் குழாய்க்கடைக்காரர் அந்தக் கோட்டைத் தாண்டியதில்லை.

லைக் குறையத் தொடங்கிய ஒரு மத்தியானம் தாண்டினார்.

"இதைச் செய்த புண்ணியவான் யாரோ! பெற்றவர்கள் கொஞ்சம் நேரம் ஒதுக்கி நல்லது கெட்டது சொல்லி வளர்த்திருந்தால் நமக்கு இந்தக் கதி வந்திருக்காது."

அதற்கு வந்த லைக்கைப் பார்த்து அவருக்கே கூச்சமாக இருந்தது. பிளம்பரிடம் வாசித்துக் காட்டியபோது கூச்சம் போய்விட்டது.

போன் வந்த அன்று கடையில் இருந்தது பிளம்பரும், ஷவர் வாங்க வந்து காலையிலிருந்து ஷவரைத் தவிர எல்லாவற்றையும் விலை கேட்டுக்கொண்டிருந்த ஒரு புதுவீட்டுக்காரரும்.

"சார், கசியாத குழாய்ங்கறது நீங்கதானே?" ஒரு மேனேஜரின் குரல். "அந்த மியூசிக் புரோகிராமுக்குப் புது டிசைன் பண்ணிக் குடுத்தது எங்க ஆபீஸ்தான். உங்க கமென்ட்டுக்குத்தான் லைக் ஜாஸ்தி. பழைய லிஸ்டைத் திரும்பக் கொண்டுவரணுமா வேண்டாமான்னு முடிவு பண்ணப் போறோம். அதுக்கு முன்னாடி நாலு பேர்கிட்ட நேரடியாக் கேட்டுடலாம்னு. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், டீம் மொத்தமும் கேக்கறாங்க. பரவாயில்லையா?"

"தாராளமா" என்றவர், இந்தப் பக்கமும் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டு, போனை ஷவர்களுக்கு நடுவே நிமிர்த்தி வைத்தார். புதுவீட்டுக்காரரைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். அடுத்து நடந்தது பேச்சு இல்லை, கச்சேரி. சாம்பல் கட்டம், மூடின ஷட்டர், மூட்டை, மோந்து பார்ப்பது, எல்லாம் வந்தன. அந்தப் பக்கம் நாலைந்து பேர் சிரிப்பது கேட்டது. இந்தப் பக்கம் பிளம்பர் டப்பாவில் தாளம் போட்டார்.

மேனேஜர் சிரித்து முடித்துவிட்டுக் கேட்டார். "சார், இதை டிசைன் பண்ண மேடம் இங்கதான் உக்காந்திருக்காங்க. அவங்ககிட்ட நேரா ஏதாவது சொல்லணுமா?"

"அட, பக்கத்துலயே இருக்காங்களா? நல்லதாப் போச்சு." குழாய்க்கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதம்மா. ஒரே ஒரு கேள்வி. உங்கப்பா என்ன வேலை பாக்கறாரு?"

அந்தப் பக்கம் சிரிப்பு ஒருமுறை எழுந்து அடங்கியது. ஒரு நாற்காலி நகர்ந்தது.

"குழாய்க்கடை வச்சிருக்காருப்பா."

பிளம்பரின் தாளம் நின்றது. குரலை அடையாளம் காண குழாய்க்கடைக்காரருக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை. மகள் கம்ப்யூட்டரில் என்னவோ பண்ணுகிறாள் என்றுதான் யார் கேட்டாலும் சொல்லிவந்தார். போன வருஷம் புது ஆபீஸுக்கு மாறியபோது, பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டிருந்தார்.

அப்போது அவர் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். அல்லது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஆனால் வந்திருப்பது சொந்தக்காரன் என்று தெரிந்தவுடனே விலையை மாற்றிச் சொல்லிப் பழகிய வாய் அது.

"அட, நீயா பாப்பா! சார், அது... நான் சொன்னதெல்லாம் சும்மா தமாஷுக்கு. லிஸ்டெல்லாம் யாருக்கு சார் வேணும், பழைய காலத்துச் சமாசாரம். இது பாக்கப் பாக்கப் பழகிடுது. கட்டம் கட்டமா, கண்ணுக்குக் குளிர்ச்சியா... கடைக்கு வர்றவங்கல்லாம் என்னங்க இவ்வளவு அழகா இருக்குன்னு கேக்கறாங்க. இதோ, இவர்கூட இப்பத்தான் சொன்னாரு." புதுவீட்டுக்காரர் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. கையில் இருந்த ஷவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பக்கம் இப்போது ஆபீஸ் முழுக்கச் சிரித்தது. கச்சேரிக்குச் சிரித்த சிரிப்பில்லை இது.

"சார், கட் பண்ணிடலாம்" என்றாள் பெண்.

புதுவீட்டுக்காரர் ஷவரை மெதுவாக இருந்த இடத்தில் வைத்தார். "உங்க வாயால நல்ல ஷவர்னு சொன்னீங்க இல்ல?" என்றார். "வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்." போனவர் திரும்பி வரவில்லை. பிளம்பர் டப்பாவைத் திருப்பிப் போட்டுத் தெருவைப் பார்த்து உட்கார்ந்தது அதைவிட மோசமாக இருந்தது. பெற்றவர்களை இழுத்த அந்தக் கமென்ட்டையாவது அழித்துவிடலாம் என்று குழாய்க்கடைக்காரர் பார்த்தார். கீழே இத்தனை பதில்கள் வந்த பிறகு அழிக்க முடியாது என்றது பக்கம்.

வீட்டுக்குள் நுழையும்போதே மனைவி பார்த்த பார்வையில், செய்தி அவருக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டது தெரிந்தது.

"நம்ம வீட்லயே பண்ணதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"பாட்டு சம்பந்தமா என்னவோ படம் போடறேம்மான்னு என்கிட்ட சொன்னா. நான் கேட்டேன், சொன்னா. நீங்க கேட்டீங்களா?"

"நீயாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"ஏங்க, உங்க பொண்ணு என்ன வேலை பாக்கறான்னு உங்களுக்கு நான் வந்து விலாசம் சொல்லணுமா?"

பெண் அறையில் இருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே போவதுதான் கஷ்டமாக இருந்தது. வாசலில் நின்றபடியே ஆரம்பித்தார்.

"பாப்பா, யார்னு தெரியாமத்தான்..."

"தெரியாதவங்கன்னா பரவாயில்லையாப்பா?"

கடையில் எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவர், அறைக்கதவின் பிடியைத் திருகிப் பார்த்தார். நல்ல பிடி. அவர் கடையில் எடுத்ததுதான்.

"நீங்கதான் எழுதறீங்கன்னு எனக்கு மொத நாளே தெரியும்" என்றாள் அவள். "மோந்து பாத்து எடுத்துக்கன்னு வேற யாருப்பா சொல்லுவாங்க? ஆபீஸ்ல படிச்சுச் சிரிப்பாங்க. நானும் சேந்து சிரிப்பேன். பெத்தவங்களைப் பத்தி எழுதினீங்க பாருங்க, அன்னிக்கு மட்டும் பாத்ரூம்ல போய் நின்னேன். அழலை. சிரிப்பு வந்திடுமோன்னும் பயம், அழுகை வந்திடுமோன்னும் பயம்."

"அப்பவே என்னைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமேம்மா."

"கேட்டா நிறுத்தியிருப்பீங்க. நீங்க நிறுத்தக்கூடாதுன்னு எனக்கு இருந்துது."

அவருக்குப் புரியவில்லை. அவள் புரியவைத்தாள். கட்டம் போட்டது அவள்தான், அது உண்மை. ஆனால் படமில்லாத பாட்டு வைத்திருப்பவர்களுக்குப் பட்டியலும் கூடவே இருக்கட்டும் என்று ஆரம்பத்திலிருந்தே சொன்னதும் அவள்தான். மேனேஜர் கேட்கவில்லை. இந்தக் காலத்தில் படமில்லாமல் யார் பாட்டு வைத்திருக்கிறார்கள் என்றார். திட்டுகிறவர்களில் நாலு பேரைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்று அவரைச் சம்மதிக்கவைத்து, யாருடையது என்று சொல்லாமல் முதல் நம்பராக அப்பாவுடைய நம்பரைக் கொடுத்ததும் அவள்.

"நீங்க அவ்வளவு நல்லாப் பேசிட்டு இருந்தீங்கப்பா. மேனேஜர் மூஞ்சி மாறிடுச்சு. கட்டத்துல என்ன கஷ்டம்னு அவருக்கு அப்பத்தான் உறைச்சுது. என்னைக் கேலி பண்ணீங்க, பண்ணிட்டுப் போங்க, அதுக்கும் நான் தயாராத்தான் இருந்தேன். நான்தான்னு தெரிஞ்சதும் மாத்திப் பேசினீங்க பாருங்க... உங்கப்பாவே பழகிடுச்சுன்னு சொல்லிட்டாரே, அப்புறம் எதுக்கு லிஸ்டுன்னு முடிச்சுட்டாரு. மத்த மூணு பேரைக் கூப்பிடவே இல்லை. கண்ணுக்குக் குளிர்ச்சின்னு சாயங்காலம் வரைக்கும் எல்லாரும் சொல்லிக் காமிச்சாங்க. உங்க குரல்லயே."

குழாய்க்கடைக்காரர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். காது சுட்டது. திட்டியதற்கு வெட்கப்பட்டுக்கொண்டுதான் வீடு வந்தார். வெட்கப்பட வேண்டியது புகழ்ந்ததற்கு என்று இப்போது தெரிந்தது. கையில் இருந்த சரக்குக்கு என்ன மதிப்பு என்று தெரியாமல், பயத்தில் தூக்கி வீசிவிட்டு வந்திருக்கிறார்.

"நம்பரைக் குடு. நானே பேசறேன். பொண்ணுன்னு தெரிஞ்சதும் புளுகிட்டேன்னு சொல்லிடறேன்."

"இனிமே நீங்க நல்லா இருக்குன்னு சொன்னாலும் அப்பா பேச்சு, நல்லா இல்லைன்னு சொன்னாலும் அப்பா பேச்சு. உங்க வார்த்தைய யாரும் எடுத்துக்க மாட்டாங்க." கோபமில்லாமல்தான் சொன்னாள். அப்புறம் தயங்கி, "நானும்தான்" என்றாள்.

மனைவி சமையலறையில் பாத்திரத்தை வைத்த சத்தம் கேட்டது. ஒட்டுக்கேட்கிறவர்கள் மட்டும்தான் அவ்வளவு மெதுவாகப் பாத்திரம் வைப்பார்கள்.

பெண்ணே எழுந்தாள். லேப்டாப்பை மேஜையில் திறந்து வைத்தாள். கடைக் கம்ப்யூட்டரிலிருந்து அவர் பாட்டையெல்லாம் அவள் எப்போதோ இதில் ஏற்றியிருந்தாள். இதைப் பற்றியும் அவர் கேட்டதில்லை. நாற்காலிக்குப் பின்னால், தோளுக்கு மேலாக, ஒரு கம்பியில் போனைப் பொருத்திக் கேமராவைத் திறந்தாள்.

"அஞ்சு பாட்டுப் பேர் சொல்றேன். கடையில எப்படித் தேடுவீங்களோ அப்படித் தேடி எடுங்க. எவ்வளவு நேரம் ஆனாலும் நான் சொல்லித் தரமாட்டேன். லிஸ்ட் இல்லாம என்ன கஷ்டம்னு வெள்ளிக்கிழமை மீட்டிங்ல இந்த வீடியோவை ஒரு தடவை போட்டுக் காட்டட்டுமான்னு கேட்டேன், மேனேஜர் சரின்னிருக்காரு."

"மூஞ்சி தெரியுமா?"

"கையும் ஸ்கிரீனும்தான்."

"கையப் பாத்தே சொல்லிடுவாங்களே, இன்னாருன்னு."

"சொல்லட்டும். ஒண்ணே ஒண்ணுதான்ப்பா. நீங்க பேசக்கூடாது."

அது சம்மதமா என்று அவள் கேட்கவில்லை. அவர் நாற்காலியை மேஜைக்கு நெருக்கிப் போட்டுக்கொண்டார்.

முதல் பாட்டின் பெயரைச் சொன்னாள். அவருக்கு மனப்பாடமான பாட்டு. முதல் சாம்பல் கட்டத்தைத் திறந்தார். அது இல்லை. அதை மூடி வெளியே வந்தார். எந்த வரிசையில் இருந்தோம் என்பது தப்பிப்போயிற்று. திறந்த கட்டத்தையே திரும்பத் திறந்தார். மூன்றாவது முறையும் அதே கட்டம் திறந்தபோது, நாக்கு நுனியில் ஒரு நல்ல கிண்டல் வந்து நின்றது. வீடே சிரித்திருக்கும். பின்னால் திரும்பிப் பார்த்தார். அவள் விரலை மட்டும் உயர்த்தினாள். கிண்டலை விழுங்கிக்கொண்டார்.

எந்தக் கட்டம் என்று தெரியாமல் அம்புக்குறி திரையெங்கும் அலைந்தது. யாரோ தெரியாத ஆட்கள், அவர் மகளோடு வேலை பார்ப்பவர்கள், வெள்ளிக்கிழமை வரிசையாக உட்கார்ந்து இதைப் பார்க்கப்போகிறார்கள். இந்த ஆள்தானா அந்த வாய் பேசியது என்பார்கள். நெற்றி வேர்த்து மூக்கில் வழிந்தது. துடைத்தால் கை கேமராவை விட்டுப் போய்விடும் என்று துடைக்கவில்லை.

தப்பான பாட்டு ஒன்று உரக்கப் பாடத் தொடங்கியது. பதறி நிறுத்தப் போய்ச் சத்தத்தை ஏற்றிவிட்டார். சமையலறை வாசலில் மனைவி வந்து நின்றாள். பெண் நகரவில்லை. உதட்டை இறுக மூடிக்கொண்டு, எல்லோரும் பார்க்கட்டும் என்று, அவர் அடுத்த கட்டத்தைத் திறந்தார்.