உரித்த ஆரஞ்சு

அதிகாரியம்மா வந்து பாடத்தைப் பார்த்து நல்லபடியாகச் சொன்னால்தான் என் வேலை நிரந்தரம். இல்லையென்றால் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதனால் எங்கள் பள்ளி வழக்கப்படி முதல் நாளே ஒத்திகை பார்த்துவிட்டேன். யோசனை, பக்கத்து வகுப்பு டீச்சரான என் நாத்தனாருடையது. எது மிதக்கும், எது மூழ்கும் என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வரிசை மாறாமல் தலைகீழ்ப் பாடமாக்கினேன்.

மறுநாள் அதிகாரியம்மா கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். மேஜையில் வாளித் தண்ணீர். நான் பைக்குள் கையைத்தான் விட்டேன்.

"மூழ்கும்" என்றது வகுப்பு, ஒரே குரலில்.

பாவிகளா, ஆணியை இன்னும் வெளியே எடுக்கவே இல்லையே! என் முகத்தில் ஈயாடவில்லை. அதிகாரியம்மா சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. எழுந்து வந்து, தன் சாப்பாட்டுப் பையிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்து என் கையில் வைத்தார்.

ஒத்திகையில் ஆரஞ்சு கிடையாது. பிள்ளைகள் திருதிருவென்று விழித்தார்கள். போட்டேன், மிதந்தது. அப்பாடா என்று அடுத்த பொருளுக்குத் தாவுவதற்குள், வருடம் முழுக்க வாயே திறக்காத ஒருத்தி கை தூக்கினாள். நாங்கள் அவளுக்கு வைத்த பெயர் ஊமைக்கோட்டான்.

"தோலை உரிச்சுட்டுப் போட்டா?"

எடை குறைகிறதே, இன்னும் நன்றாக மிதக்கும் என்றார்கள் மற்றவர்கள். நானும் மனசுக்குள் அதையேதான் சொன்னேன். அவளையே உரித்துப் போடச் சொன்னேன். பழம் நேராக அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

அவ்வளவுதான், அத்தனை பேரும் வாளியை மொய்த்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டாள் அவள். எதையாவது சொல்லிச் சமாளிக்கலாமா என்று நாக்கு துறுதுறுத்தது. அதிகாரியம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். போனால் போகிறது வேலை.

"எனக்குத் தெரியலைம்மா. தோல்ல என்ன இருக்குன்னு பாப்போமா?"

ஒரு துண்டுத் தோலைத் தண்ணீருக்கடியில் வைத்துப் பிழிந்தோம். குட்டிக் குட்டியாகக் குமிழிகள் வந்தன. காற்று என்று ஒருவன் கண்டுபிடித்தான். அப்படியென்றால் பிழியாத துண்டு மிதக்க வேண்டுமே என்றாள் ஊமைக்கோட்டான். மிதந்தது.

மணி அடித்தும் ஒரு பிள்ளைகூட நகரவில்லை. நாத்தனார் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, என்னாச்சு அண்ணி என்று கண்ணாலேயே கேட்டாள். எனக்கே தெரிந்தால்தானே?

அதிகாரியம்மா கிளம்பி வாசல்வரை போய் நின்றார்.

"அடுத்த வருஷமும் இந்த வகுப்ப நீங்களே எடுங்க. ஆனா ஒத்திகை வேணாம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைக் கவனிக்கக்கூட ஊமைக்கோட்டானுக்கு நேரமில்லை. மூழ்கிய பழத்தை வெளியே எடுத்து, மிச்சமிருந்த தோலை அதன்மேல் திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தாள்.