இருபது தூணுக்குக் கல்

என் படிப்புக்கு அப்பா கொடுத்த முதல் வேலை, செங்கல் பார்ப்பது. எங்கள் விளைத் தோப்பைச் சுற்றியிருந்த மண் கையாலைச் சுவர் மழையில் கரைந்துவிட்டது. அந்த இடத்தில் செங்கல் தூண் கட்டி, இடையில் கம்பிவலை அடிக்கலாம் என்றார். "சிவில் படிச்சது நீதானே ஜெப்சி. கல்லெப் பாத்து எடு."

குழித்துறையிலிருந்து பூதப்பாண்டிப் பக்கத்துச் சூளைக்கு மினிலாரியில் போனோம். வழியில் இருவரும் பேசவில்லை. அம்மா இறந்தபிறகு வீட்டில் அது பழகிவிட்டது.

சூளைக்காரர் இஸ்ரவேல் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அப்பாவிடம் கேட்டார். "ஓய் தேவகுமார், மவளெ எதுக்கு இந்தப் புழுதிக்குள்ள இழுத்துட்டு வந்தீரு?"

"இஞ்சினியராக்கும்."

"அப்பம் இன்னைக்கு எனக்கு நட்டந்தான்."

நான் சிரிக்கவில்லை. முதல் அடுக்கிலிருந்து இரண்டு கற்களை எடுத்து மோதினேன். செத்த சத்தம். வேகாத கல். இரண்டாவது அடுக்கு வெந்து கறுத்து முறுக்கிக் கிடந்தது. அதில் தூண் நேராக ஏறாது. மூன்றாவதில் ஒன்றை ஆணியால் கீறினேன். கோடு விழவில்லை. மோதினால் கணீரென்றது. நெஞ்சு உயரத்திலிருந்து கீழே போட்டேன். உடையவில்லை.

"இதுல ஏத்துங்க."

"வேலித் தூணுக்கு இம்புட்டு பரிசோதனையா பிள்ளே?"

"வீட்டுச் சொவருக்குப் பூச்சு உண்டு. இது பூச்சில்லாம ரெண்டு பருவ மழையிலயும் நின்னு நனையணும்."

இஸ்ரவேல் அப்பாவிடம் திரும்பினார். "எத்தனை தூணு?"

"பதினாலு."

சர்வே பாடத்துக்காக அந்த விளையை டேப் பிடித்து அளந்தவள் நான். "எட்டடிக்கு ஒண்ணுன்னா இருபது வரும்ப்பா."

"பதினாலு போதும்னு சொன்னேன்லா."

பதினாலையும் மனசுக்குள் நட்டுப் பார்த்தேன். வேலி விளையின் பின்பாதியை விட்டுவிட்டு, அயினி மரத்துக்கு இந்தப் பக்கமாகவே திரும்பியது. அயினி மரத்தடியில்தான் அம்மாவின் கல்லறை. எங்கள் பக்கம் சொந்த விளையில் அடக்கம் செய்வதுண்டு. சென்ற மாதம், முதல் வருஷ ஜெபத்துக்கு, நானே வெள்ளையடித்தேன்.

"அயினி நிக்க எடத்தெ யாருக்குக் குடுக்கிய?"

அப்பா லாரி டயரைப் பார்த்தார். "ஷிபுவுக்கு சவுதில, தமாம்ல வேலை போச்சு. இங்க வந்து கடை போடணும்னான். ஒனக்க அண்ணனாக்கும், மக்கா. வாங்குதவன் கல்லறையெத் தொடமாட்டேன்னு சொல்லியிருக்கான்."

"எனக்கிட்ட எப்பம் சொல்லுவிய?"

"பத்திரத்துல ஒப்பு போடப் போகும்போ."

அம்மாவுக்கு அவள் வீட்டார் எழுதிக் கொடுத்த விளை அது. என் கையெழுத்து இல்லாமல் விற்க முடியாது. நான் போட்டுவிடுவேன் என்று அப்பாவும் அண்ணனும் முடிவு செய்திருக்கிறார்கள். கோபம் வரவேண்டிய இடம் இது. மீதிச் சில்லறை தராத கண்டக்டர்மேல் வந்த கோபம், அம்மா இறந்தபோது "தேவ சித்தம்" என்று சொன்னவர்கள்மேல் வந்த கோபம், இப்போது வரவில்லை. வேறு யாருடைய விளையைப் பற்றியோ பேசுவதுபோல இருந்தது.

"நான் ஒப்பு போடமாட்டேன்."

"அப்பம் அவன் எங்க போவான்?"

"எனக்கு எடுத்து வச்சிருக்க சங்கிலியும் வளையலும் இருக்குல்லா. அதெ வித்துக் குடுங்க."

"பொறவு ஒன்னெ எவன் கெட்டுவான்?"

"கெட்டண்டாம்."

இஸ்ரவேல் தலையைச் சொறிந்தார். "வண்டிய நிப்பாட்டி வச்சிருக்கு. இப்பம் எத்தனை தூணுக்கு ஏத்தணும்?"



"இருபது," என்றேன்.

 அப்பா லாரியின் பின்பலகையை இறக்கிவிட்டார். ஆட்கள் ஏற்றத் தொடங்கினார்கள். நான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு கல்லாகத் தட்டிப் பார்த்தேன். மூலை உடைந்த ஒன்று வந்தது. அப்பா அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அடுக்கிலிருந்து நல்லதாக ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார்.