வாய்க்கு எட்டும் தூரம்

கரண்டி உதட்டுக்கு இரண்டு விரற்கடைக்கு முன்னால் நின்றுவிட்டது. தையல்காரம்மாவின் முழங்கை நன்றாகத்தான் மடங்கியிருந்தது. தோள் காதைப் பார்த்து ஏறவில்லை, உடம்பு முன்னால் சாயவில்லை, மணிக்கட்டும் தொய்யவில்லை. பாடப் புத்தகத்துக்குப் படம் பிடிக்கலாம் போன்ற கை. ஆனால் அதற்கு மேல் நகரமாட்டேன் என்றது. கஞ்சி கரண்டி விளிம்பில் சொட்டத் தொடங்கியதும், பக்கத்து நாற்காலியிலிருந்த அவர் கணவர், லாரிக்காரர், பொறுமையிழந்து கரண்டியை வாங்கித் தானே ஊட்டிவிட்டார். தையல்காரம்மா சமர்த்தாக வாயைத் திறந்தார். எதிரே கோணமானியும் கையுமாக உட்கார்ந்திருந்த கோணலுக்கு எப்போதும் போலத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

கோணல் என்பது வகுப்பு வைத்த பேர். நோயில் முடங்கியவர்களை அன்றாட வேலைகளுக்குப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி படிக்கச் சேர்ந்த புதிதில், மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று அளக்கும் அந்தப் பிளாஸ்டிக் கருவி கையில் கிடைத்ததும், சிக்கியவர்களின் முட்டியையெல்லாம் அளந்துகொண்டு திரிந்தாள். அதில் ஒட்டிக்கொண்ட பேர் வீடு வரைக்கும் வந்துவிட்டது. "நான் டீ குடிக்கறப்ப என் கையைப் பாக்காதடி கோணல், உள்ள இறங்க மாட்டேங்குது" என்பாள் அவள் அக்கா. பயோமெக்கானிக்ஸ் என்றால் அவளுக்கு உயிர். எலும்பு நெம்புகோல், மூட்டு அச்சு, தசை அதை இழுக்கிற கயிறு. பாரம் அச்சிலிருந்து தள்ளிப்போகப் போகத் தூக்குவது கஷ்டம். அதில் பூசி மெழுகல் கிடையாது. மனிதர்கள்தான் பிடிபடவில்லை. நோயாளியோடு பழகும் முறை பற்றிய பாடத்தில் தட்டுத் தடுமாறித்தான் கரையேறியிருந்தாள்.

பக்கவாதம் தையல்காரம்மாவின் வலது பக்கத்தை இழுத்துக்கொண்டுபோய், பாதியைத் திருப்பிக் கொடுத்திருந்தது. இப்போது ஆஸ்பத்திரிப் பயிற்சி அறையில் அந்தக் கை துணி கிளிப்பைக் கம்பியில் மாட்டியது, சீப்பை உச்சந்தலை வரைக்கும் கொண்டுபோனது, பொத்தான்கூடப் போட்டது. சாப்பாட்டில் மட்டும் சண்டித்தனம். கோணல் கரண்டியின் பிடியில் ரப்பர் சுற்றித் தடிமனாக்கினாள். மேசையை உயர்த்தினாள், இறக்கினாள். பாதம் தரையில் பதியப் பலகை போட்டாள். முழங்கைக்கடியில் துண்டை மடித்து வைத்தாள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் லாரிக்காரர், "டாக்டரம்மா, இன்னிக்கு நடந்துடும் பாருங்க" என்று உற்சாகப்படுத்துவார். கை அதே இடத்தில் நிற்கும். தான் கற்றதில் எங்கோ ஒரு ஓட்டை இருக்கிறது, அது தன் கண்ணுக்கு மட்டும் தெரியவில்லை என்று அவளுக்குச் சந்தேகம்.

அப்படி ஒரு காலையில், ஆஸ்பத்திரி வாசலை அடைத்து நின்ற யாரோ ஒருவரின் வண்டியை நகர்த்த லாரிக்காரர் கீழே போயிருந்தார். கோணல் முதுகுக்கு வைக்கத் தலையணை எடுக்கப் பக்கத்து அறைக்குப் போனாள். திரும்பி வந்தவள் கதவருகிலேயே நின்றுவிட்டாள். தையல்காரம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கிண்ணத்தை இடது கையால் பிடித்து, வலது கையால் அள்ளி, அவசரமில்லாமல், மோவாயில் ஒழுகியதைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு. தலையை நிமிர்த்தியவர் அவளைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தார்.

"பாத்துட்டியாம்மா?"

"பாத்துட்டேன்."

"அவர்கிட்ட சொல்லிடாத."

கோணல் தலையணையை அணைத்தபடி எதிரே உட்கார்ந்தாள். கோபப்பட வேண்டுமா, சந்தோஷப்பட வேண்டுமா என்று தெரியவில்லை. "அப்போ இத்தனை நாளும் நடிச்சீங்களா?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து அந்த மனுஷன் லாரியிலதான் குடும்பம் நடத்தினார். வந்தா தூக்கம், எழுந்தா பயணம். நான் மிஷினைப் பாத்துக் குனிஞ்சிருப்பேன், அவர் ரோட்டைப் பாத்துட்டிருப்பார். விழுந்ததுக்கப்புறம்தான் எதிர்ல உக்காந்து என் மூஞ்சியைப் பாக்கறார். சூடா இருக்கான்னு ஊதிக் குடுக்கறார். எனக்கா ஊதறார்னு இன்னும் நம்ப முடியல." தன் வலது கையை வேற்றாள் கை போலப் புரட்டிப் பார்த்தார். "நடிப்பான்னு கேட்டா, அதுதான் எனக்கும் தெரியலம்மா. முதல்ல நிஜமாவே முடியல. அப்புறம் முடியாத மாதிரி இருந்தேன். இப்போ அவர் வந்து உக்காந்தா நான் நிறுத்தறேனா, கையே நிக்குதான்னு விளங்கல. நீதானே படிக்கற, நீ சொல்லேன்."

தசைக்குப் பலமில்லை என்றால் கோணலுக்குத் தெரியும். மூட்டு இறுகிவிட்டது என்றால் தெரியும். ஒரு கரண்டிக் கஞ்சியைத் தூக்க முழங்கை எவ்வளவு பாடுபட வேண்டும் என்றுகூடக் கணக்குப் போட்டுவிடுவாள். பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தால் அந்தப் பாரம் ஏன் கூடுகிறது என்று எந்த ஆசிரியரும் சொல்லவில்லை. ஒன்று மட்டும் நிச்சயம்: பழகாமல் விட்ட கை மெல்ல மெல்லப் பழக்கத்தை மறக்கும். இந்த அம்மா இப்படியே நிறுத்திக்கொண்டிருந்தால் ஒருநாள் உண்மையிலேயே நின்றுபோகும். அதைச் சொல்ல வாயெடுத்தாள். படியில் லாரிக்காரரின் செருப்புச் சத்தம் கேட்டது. விழுங்கிக்கொண்டாள்.

அன்று மாலை தெரபி பிரிவின் பொறுப்பு மேடம் அவளைக் கூப்பிட்டார். மூன்று வார்டுகளுக்கு ஒரே ஆளாக ஓடுகிறவர். உட்கார்ந்து பேசி யாரும் பார்த்ததில்லை.

"அந்த லாரிக்காரர் வேலைக்குப் போலாமான்னு கேக்கறார். அவங்க வைஃப் தானா சாப்பிட முடியுமா, முடியாதா?"

"அளவுப்படி முடியும் மேடம்."

"அளவுப்படின்னா?"

"தெரியல மேடம்."

மேடம் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். அதற்குள் போன் அடித்துவிட்டது. "நாளைக்கு அவங்ககிட்ட நீயே பேசு. நானும் வரேன்" என்று நடந்துகொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மேடம் வரவில்லை. லாரிக்காரர் முகம் மழித்து, வெளுத்த சட்டை போட்டு வந்திருந்தார். உட்கார்ந்ததும் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"டாக்டரம்மா, முதலாளி வேற ஆளைப் போட்டுடுவேங்கறார். நான் வண்டி எடுத்தா வாரக்கணக்குல திரும்ப முடியாது. மனசுல ஒண்ணும் வெச்சுக்காம நேரா சொல்லுங்க. இவளால தானா சாப்பிட முடியுமா?"

"நான் டாக்டர் இல்ல சார்" என்றாள் கோணல். தையல்காரம்மா அவளையே பார்த்தார். முடியாது என்றால் ஒரு குடும்பத்தின் பிழைப்பு போகும். முடியும் என்றால் என்ன போகும் என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை, ஆனால் ஏதோ ஒன்று போகும்.

"கையால முடியும் சார்" என்றாள்.

தையல்காரம்மாவின் முகம் தொங்கிப்போயிற்று. லாரிக்காரர் தலையை ஆட்டினார். நிம்மதியா, ஏமாற்றமா, கண்டுபிடிக்க முடியவில்லை. "ஆனா..." என்றாள் கோணல். "கை முடியுங்கறது வரைக்கும்தான் சார் எனக்குத் தெரியும். நீங்க போலாமா வேணாமான்னு அவங்களைத்தான் கேக்கணும். கேட்டீங்களா?"

"இவளையா?" என்றார் அவர், மேசையைக் கேட்கச் சொன்னது போல. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு மனைவி பக்கம் திரும்பினார். "போகட்டுமா?"

குரல் முரட்டுத்தனமாக வந்தது. தையல்காரம்மா கரண்டியை எடுத்தார், கஞ்சியை அள்ளினார், தூக்கினார். மடங்க வேண்டிய முழங்கை மடங்காமல் நீண்டது. கரண்டி தன் வாயை விட்டுவிட்டு, மேசைக்கு மேலாக, கணவரை நோக்கிப் போயிற்று. தோள் காதுக்கு ஏறியது. உடம்பு சாய்ந்தது. மணிக்கட்டு ஆடியது. கோணல் வாரக்கணக்கில் திருத்திய தப்புகள் எல்லாம் ஒன்றுவிடாமல் திரும்பி வந்தன. திருத்த அவள் கை போகவில்லை. சாப்பிட்டுவிட்டுக் கிளம்பு என்கிறாரா, போகாதே என்கிறாரா, உட்கார்ந்து வாங்கிச் சாப்பிடுவது எப்படி இருக்கிறது என்று நீயும் பார் என்கிறாரா?

லாரிக்காரர் அக்கம்பக்கம் பார்த்தார். ஜன்னலோரம் விரல் பயிற்சிக்காகப் பலகைத் துளைகளில் ஆப்புகளைச் சொருகிக்கொண்டிருந்த இன்னொரு நோயாளிக் கிழவர்கூடக் கையை நிறுத்தியிருந்தார். வெளுத்த சட்டையில் ஒரு சொட்டு விழுந்தது. கரண்டி நடுங்கிக்கொண்டே காத்திருந்தது. அவருடைய கனத்த கை தொடையிலிருந்து எழுந்து மேலே வந்தது. கரண்டியை வாங்குவதா, அந்த முழங்கையைத் தாங்குவதா என்று தெரியாமல் இரண்டுக்கும் நடுவே விரிந்து நின்றது.