பிறக்காத பெண்ணின் ஆடும் பல்

பல் டாக்டரம்மா புதுக் கம்ப்யூட்டர் வாங்கிய அன்றே, எக்ஸ்ரே எடுக்கிற பழைய மென்பொருள் அதில் திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. அதைச் செய்த கம்பெனியோ எப்போதோ மூடியாயிற்று. கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கொழுந்தன் வந்து, புதியதற்குள்ளேயே பழைய கம்ப்யூட்டர் போல நடிக்கும் ஒன்றை உருவாக்கி, அதில் மென்பொருளை ஓடவிட்டான்.

"தேதியை இருபது வருஷம் பின்னால தள்ளிட்டேன் அண்ணி. முன்னால நகர்த்தினா லைசென்ஸ் முடிஞ்சுதுன்னு படுத்துக்கும்."

பெரியவர்கள் வந்தவரை தொல்லையில்லை. எல்லோருக்கும் இருபது வயது குறைந்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை.

ஒரு நாள் காலை, ஆடும் பல்லோடு ஆறு வயது மகளை ஒரு அம்மா அழைத்து வந்தாள். பிறந்த தேதியைப் போட்டதும், 'நோயாளி இன்னும் பிறக்கவில்லை' என்றது திரை. டாக்டரம்மா கொழுந்தனுக்குப் போன் போட்டாள்.

"அவ அம்மா பேர்ல, கூடுதலா ஒரு பல்லுன்னு சேர்த்துடுங்க அண்ணி."

முப்பத்து மூன்றாவது பல்லாகச் சிறுமி பதிவானாள். படம் எடுத்ததும் திரை பதறியது: 'வளர்ச்சி மிக அதிகம். உடனே அகற்றவும்.'

"எதை எடுக்கணுமாம்?" என்றாள் அம்மா.

"உங்க பொண்ணை" என்று டாக்டரம்மா வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

அம்மா மகளை இழுத்து இறுக அணைத்துக்கொண்டாள். "அவளைத் தொட்டுப் பாருங்க!"

அந்த இழுப்பில் பல் தானாக விழுந்தது. சிறுமி உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். டாக்டரம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆனால் திரை விடவில்லை. '33ஆம் பல் அகற்றப்பட்டதா?' 'ஆம்' என்று சொல்லாமல் அடுத்த நோயாளிக்குப் போக முடியாது. வெளியே கூட்டம் முணுமுணுத்தது.

"ஆமான்னு போடாதீங்க டாக்டர். நாளைக்கு இவளுக்கு ஏதாவது ஆயிட்டா?" என்றாள் அம்மா.

இத்தனை படித்தும் டாக்டரம்மாவுக்கு மவுஸில் விரல் அசையவில்லை. பொறுத்துப் பார்த்த சிறுமி எட்டி, தானே 'ஆம்' என்று அழுத்தினாள்.

'நன்றி. ஒரு வாரத்துக்குக் கடினமான எதையும் கடிக்க வேண்டாம்.'

அது அம்மாவின் பெயருக்கு வந்த உத்தரவு. எதற்கு வம்பு என்று அவள் அந்த வாரம் முழுக்க மசித்ததையே சாப்பிட்டாள். எதிரே உட்கார்ந்து மகள் கொய்யாக்காயைக் கறுக் கறுக்கென்று கடித்துக்கொண்டிருந்தாள்.