கடற்படைக்குப் பூசிய சாம்பல் நிறம்

1

இந்தக் கதை ஒரு பெயின்ட் டப்பாவிலிருந்து பிறந்தது. பெரிய இடத்திலிருந்து பிறந்ததாகச் சொல்லத்தான் ஆசை.

‘அன்று அரபிக்கடல் சீறிக்கொண்டு…’ (வேண்டாம். அன்று கடல் சும்மாதான் கிடந்தது.)

மட்டாஞ்சேரியில், கொச்சங்காடிப் பக்கம், பாண்டித்துரை அண்ணனின் பட்டறை. மீன்பிடிப் படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் பம்ப் செய்கிறார்கள். பெட்டியில் அடைப்பது நான். கடற்படை அதே பம்ப்பைக் கேட்டிருந்தது. அந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் பட்டறைக்குப் பூட்டு.

2

நிபந்தனை எளிது. கடையில் எல்லோரும் வாங்கும் பொருளென்றால் தனிச் சோதனை கிடையாது. கடற்படைக்கென்றே செய்ததென்றால் சோதனைக்கே ஒரு வருடம்.

அண்ணன் மரியாதைக்காரர். கடற்படைக்குப் போய் வழக்கமான ஆரஞ்சு நிறமா என்று கூசி, கையிருப்பு முழுவதற்கும் சாம்பல் நிறம் பூசினார். பிடியை அறுத்துவிட்டுப் பித்தளைப் பிடி வைத்தார்.

3

கடற்படையிலிருந்து பார்வையிட வந்த பாலக்காட்டுத் தமிழர் ஹரிநாராயணனை வில்லனாக்கப் பார்த்தேன். (மீசை வைத்தேன். எடுத்துவிட்டேன்.) சாயா கேட்டு வாங்கிக் குடிக்கிறவரை என்ன செய்வது?

“இது எந்த பம்ப், சேட்டா?”

“உங்களுக்குன்னே ஸ்பெஷலா செஞ்சது சார்!”

“ஐயோ, அதை மட்டும் சொல்லாதீங்கோ. தோப்பும்படியில போட்டுக்காரா எல்லாரும் வாங்கறாளே, அது எங்கே?”

“அது சும்மா மீன்காரங்களுக்கு, சார்.”

“எங்களுக்கு அந்தச் சும்மாதான் வேணும். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.”

அறுத்தெறிந்த பழைய மாதிரிப் பிடி கோயம்புத்தூரிலிருந்து வர ஒரு மாதம் ஆகும். அண்ணனின் மனைவி சந்தனமாரி அக்கா தலையில் அடித்துக்கொண்டார். “பொண்ணா பாக்க வந்தாக, பவுடர் பூசி நிறுத்துறதுக்கு?”

4

இங்கே நான் எழுந்து பேசுகிறேன்: “சார், இதையே போட்டுக்காரங்களுக்கு வித்துட்டா இதுவும் கடைச்சரக்குதானே?”

(பேசியது அக்கா. நான் டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன். கதையிலாவது பேசிவிட்டுப் போகிறேனே.)

“வித்துக் காட்டுங்கோ, பார்க்கலாம்” என்றார் ஹரிநாராயணன்.

5

தோப்பும்படித் துறைமுகத்தில் படகுக்காரர் முகமது இஸ்மாயில் பம்ப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எந்தா துரையண்ணா, நாங்க யுத்தத்துக்கா போறோம்? இருட்டில இதை எங்க தேடுறது? பழைய பிடியோட ஆரஞ்சு தா, வாங்கறேன்.”

6

இன்று வியாழன். அண்ணன் இன்னும் துறைமுகத்தில்தான் நிற்கிறார்.

இஸ்மாயில் மனம் மாறி… (அடித்துவிட்டேன்.)

நானே எழுதி நானே விற்றால், அதுவும் கடற்படைக்கென்றே செய்த முடிவாகிவிடும். ஹரிநாராயணன் ஒப்புக்கொள்ள மாட்டார். வெளியாள் யாராவது வாங்க வேண்டும்.

நீங்கள் வெளியாள்தானே? படகு இல்லையென்று தயங்காதீர்கள். வாங்குகிறவரிடம் படகு இருக்க வேண்டுமென்று நிபந்தனையில் எங்கும் இல்லை.