எல்லாம் கேட்ட காது

கிரேன் ஓட்டுபவரின் காது வரைபடத்தைப் பார்த்ததும் பரிசோதகனுக்கு எங்கோ இடித்தது. இரண்டு காதும் ஒன்றுபோல. இருப்பதிலேயே மெல்லிய ஒலிவரை ஒன்றுவிடாமல் பொத்தானை அழுத்தியிருந்தார். ஐம்பத்திரண்டு வயது, இருபது வருடம் இரும்புச் சத்தத்துக்கு நடுவில் வேலை. பச்சைக் குழந்தைக்குக்கூட இப்படி வராது.

கண்ணாடிக்கு அப்பால், சத்தம் புகாத சின்ன அறையில், அவர் ஹெட்போனைக் கழற்றாமல் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். இன்று சான்றிதழ் கிடைத்தால்தான் நாளை கிரேனில் ஏற விடுவார்கள்.

"பாஸா தம்பி?" என்றார் வெளியே காத்திருந்த அவர் மனைவி.

"தேவைக்கு மேலயே பாஸ் ஆயிருக்காருக்கா. அதான் புரியல."

"வீட்டுல மூணு தடவ கூப்பிட்டாதான் திரும்புவாரு. இங்க மட்டும் எப்படி?"

அவனுடைய கேள்வியும் அதுதான். காலையில் வந்த தையல்கார அம்மாவுக்கோ ஒரு ஒலிகூடக் கேட்கவில்லை. இரண்டு காதும் அறவே கேட்கவில்லை என்று எழுதி டாக்டரிடம் அனுப்பியிருந்தான். அந்த அம்மா வாசல்வரை அவன் கேட்டதற்கெல்லாம் சளசளவென்று பதில் சொல்லிக்கொண்டே போனது இப்போதுதான் உறைத்தது.

உள்ளே போய் ஹெட்போனை வாங்கித் தன் காதில் மாட்டிக்கொண்டான். "அக்கா, லேப்டாப்ல அந்த நீளமான கட்டைய அழுத்துங்க."

அழுத்தினார். திரையில் புள்ளி விழுந்தது. காதில் ஒன்றும் விழவில்லை.

"அண்ணே, உங்களுக்கு என்ன கேட்டுச்சு?"

அவர் தரையைப் பார்த்தார். "ஒண்ணுமே கேக்கல தம்பி. காது போச்சுன்னு நினைச்சேன். அப்புறம் கண்ணாடி வழியா உங்க முழங்கை அசையறது தெரிஞ்சுது. அசைஞ்சா அழுத்தினேன். கீழ நிக்கிறவன் கையைப் பாத்துத்தானே இருபது வருஷமா பாரம் தூக்கறேன்."

"வெக்கமா இல்ல?" என்றார் மனைவி.

"வேலை போனா அதைவிட வெக்கம்."

பரிசோதகனுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படும் யோக்கியதையும் தனக்கு இல்லை என்று தெரிந்தது. முதல் ஆள் வருவதற்கு முன் தினமும் ஹெட்போனை மாட்டிக் கேட்டுப் பார்த்து, நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அவன் மனைவியும் அங்கேதான் வேலை பார்த்தாள். அவள் உள்ளே உட்கார்ந்து கேட்பாள், இவன் அழுத்துவான், அவள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவாள். அவள் இறந்து எட்டு மாதம். எட்டு மாதமாகக் கையெழுத்து மட்டும் விழுந்துகொண்டிருந்தது.

லேப்டாப் முன் உட்கார்ந்தான். மற்ற இருவரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

வால்யூம் முழுதாக இருந்தது. ஹெட்போனைப் போனில் செருகினால் பாட்டு கேட்டது. வயரில் கோளாறு இல்லை. லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கரும் ஊமை. சாதனங்களின் பட்டியலைத் திறந்தான். ஆடியோ வரியின் ஓரத்தில் மஞ்சள் எச்சரிக்கை முக்கோணம்.

"நேத்து ராத்திரி இது தானா அப்டேட் ஆயிருக்கு. சத்தத்தை வெளிய அனுப்பற புரோகிராம் ஒண்ணு இருக்குண்ணே, அதைப் புதுசா மாத்திடுச்சு. புதுசு ஒத்துவரல."

"அப்ப தூக்கி எறிங்க."

எறிந்தான். அணைத்துப் போட்டான். லேப்டாப் அதே புதியதைத் தேடிப் பிடித்து உட்கார வைத்திருந்தது. மஞ்சள் முக்கோணம் அசையவில்லை.

"பிடிவாதத்துல இவர மாதிரியே இருக்கு" என்றார் கிரேன்காரரின் மனைவி.

பழையதற்குத் திரும்பும் பொத்தான் அழுத்த முடியாமல் மங்கிக் கிடந்தது. அவன் விடவில்லை. ஏற்கெனவே உள்ளே இருக்கும் பதிப்புகளின் பட்டியலை வரவழைத்தான். இரண்டு வரி. தேதியில் பழையதைத் தேர்ந்தெடுத்தான். மறுபடி அணைத்துப் போட்டான். மூவரும் திரையைப் பார்த்தார்கள். முக்கோணம் இல்லை.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு தலையசைத்தான். கிரேன்காரரின் மனைவி கட்டையை அழுத்தினார். 'டூ' என்று ஒரு ஒலி, மெல்லியது, சுத்தமானது. பிறகு அடுத்த காதில். எட்டு மாதத்தில் முதல் முறையாக அதைக் கேட்டான். கட்டைவிரல் தானாக உயர்ந்தது.

"இப்ப நிஜமா பாத்துடலாம்ண்ணே." நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டான்.

"முதுகைக் காட்டியா?"

"கை அசையறது தெரியக் கூடாதுல்ல."

வலது காது தேறியது. இடது காதில் கடைசி ஒலி மட்டும் பாக்கி. ஒரு படி ஏற்றினான். பொத்தானிலிருந்து பதில் வரவில்லை. இன்னொரு படி. வரவில்லை. தாண்டினால் தேறாது என்ற சிவப்புக் கோட்டுக்கு ஒரு படிதான் இருந்தது. மனைவி பையின் வாரை இறுக்கிப் பிடித்தார். ஏற்றினான்.

அவர் பொத்தானை அழுத்த, விளக்கு எரிந்தது. சந்தேகத்துக்கு இன்னும் இரண்டு முறை அனுப்பினான். இரண்டு முறையும் எரிந்தது.

"மயிரிழைதான். ஆனா பாஸ். இனிமே காதடைப்பான் இல்லாம மேல ஏறாதீங்கண்ணே."

முதல் வரைபடத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு இதில் கையெழுத்திட்டான். அவர்கள் கிளம்பியதும் தையல்கார அம்மாவின் எண்ணை அழுத்தினான். முதல் மணியிலேயே எடுத்தார்.

"அம்மா, காலைல காது பாத்தேனே, நான்தான். நான் பேசறது கேக்குதா?"

"ஏன் கத்தறீங்க? நல்லாத்தான் கேக்குது."